துணைக்கு ஒரு பெண்

முனிலட்சுமியை விடச் சொல்லி உத்தரவு வந்து இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. அவள் இன்னும் சப்-ஜெயிலில்தான் இருந்தாள்.

நன்னடத்தை அதிகாரி சென்னப்பன் குடையைக்கூட மடக்கவில்லை. "இன்னிக்காவது அனுப்புவீங்களா?" என்றார்.

"பொம்பளைத் துணை இல்லாம எப்படி சார் அனுப்பறது? ரூல் இருக்குது," என்றார் குமாஸ்தா வெங்கடப்பன். "மேட்ரன் ஜோதியம்மா பிரசவத்துக்குப் போயிட்டாங்க. வேற ஆள் கேட்டு மேல மூணு வாட்டி எழுதிட்டேன். மூணுக்கும் பதில் வந்துச்சு."

"என்னன்னு?"

"உள்ளூர்லயே பாத்துக்கச் சொல்லி."

"இத்தனை நாளா உள்ள அவளுக்குக் காவல் யாரு?"

"நம்ம வார்டர் மாதப்பன்தான்."

"அதுக்கு ஆம்பளை போதும். வெளிய விடத்தான் பொம்பளை வேணும். அப்படித்தானே?"

வெங்கடப்பன் பேனாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

பதின்மூன்று வயதுப் பெண். மாமன் திம்மராயன் சைக்கிள் டியூபில் சாராயத்தை நிரப்பி, அவள் இடுப்பில் சுற்றி, மைசூர் எல்லையைத் தாண்டி நடக்கவிட்டிருந்தான். போலீசைக் கண்டதும் அவன் ஓடிவிட்டான். இவளுக்கு ஓடத் தெரியவில்லை. சொந்த ஊரில், மணியக்காரர் முன்னிலையில், தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் எழுதினார்.

அதுவரை பெண்கள் அறை. அங்கே மதுவிலக்கு வழக்குகளில் பிடித்த பானைகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். மிஞ்சிய ஒரு பாய் அகலத்தில், அந்தப் புளித்த வாடையில் அவள் கிடந்தாள். சாராயம் சுமந்த பெண் திருந்துவதற்கு சர்க்கார் கொடுத்த இடம். முந்தாநாளிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. இன்னும் ஒரு வாரம் போனால் ஒப்படைக்க என்ன மிஞ்சும் என்று சென்னப்பனுக்குப் பயமாக இருந்தது.

வாசலில் தாய் நஞ்சம்மா குந்தியிருந்தாள். சாமல்பட்டியிலிருந்து அவள் பஸ் ஏறி வருவது இது நான்காவது தடவை.

"பொம்பளை வேணும் பொம்பளை வேணும்கறீங்களே சாமி, என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? எருமையாட்டமா?"

சென்னப்பன் அவளையே பார்த்தார். பிறகு உள்ளே திரும்பினார்.

"மேட்ரன் இல்லாதப்ப தினக்கூலிக்கு ஆள் வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம் சார். ஜெயில் வேலைன்னா எவ வர்றா?"

"இந்தம்மா வர்றாங்க."

"சார், அது தாயி!"

"தாய் மேட்ரன் ஆகக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

வெங்கடப்பன் புத்தகத்தைப் புரட்டினார். இல்லை. சென்னப்பனே நியமன உத்தரவைத் தாளில் எழுதி, பக்கத்து அறைக்குப் போய் சூப்பரின்டெண்டிடம் கையெழுத்து வாங்கி வந்தார்.

"ஒப்படைச்சவர், வாங்கிக்கிட்டவர், ரெண்டு இடத்துலயும் ஒரே ரேகை இருந்தா மேல கேப்பாங்களே?" என்றார் வெங்கடப்பன்.

"கை ரெண்டு இருக்குதில்லய்யா! இங்க வலது. ஊர்ல மணியக்காரர் எதிர்ல இடது."

நஞ்சம்மா மையில் வலது கட்டைவிரலை அழுத்தினாள். கதவு திறந்தது. முனிலட்சுமி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மேட்ரன் பின்னாடி பொண்ணு ஒழுங்கா நடந்து..." என்று வெங்கடப்பன் ஆரம்பித்தார். நஞ்சம்மா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பதின்மூன்று வயதுப் பெண்ணை இடுப்பில் வைக்க முடிந்தது.

அவர்கள் பஸ் ஏறும்வரை சென்னப்பன் வாசலில் நின்றார்.

"நாளைக்குக் குருபரப்பள்ளிப் பொண்ணு ஒண்ணு வருது சார்," என்றார் வெங்கடப்பன். "அதுக்குத் தாயி இல்ல."

சென்னப்பன் குடையை மடக்கி மேஜைமேல் வைத்தார்.

"மாதப்பனைக் கூப்பிடுங்க," என்றார். "முதல்ல அந்தப் பானைகளை வெளிய எடுக்கணும்."