நாற்பது சொட்டு

எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு டைல் ஆடும். ஊரெல்லாம் டைல்ஸ் போடுகிற என் வீட்டுக்காரர் கிளாட்வின், சொந்த வீட்டுக்குப் போடக் கல்யாணமாகிப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டார். போட்டு முடித்ததும் சமையலறை வாசலில் நாற்காலியைக் குறுக்கே வைத்து, "ஒட்டறதுக்கு நேரம் குடு அகஸ்டினா. நாளைக்கு வரைக்கும் கால் வைக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் நாற்காலியைத் தாண்டிப் போய் அரிசி டப்பாவை எடுத்து வந்துவிட்டேன். எனக்கு எப்போதும் அவசரம். உழவர்கரையில் தோல் பை தைக்கிற கம்பெனியில் பதினான்கு வருஷமாக வேலை. பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிப் பழகிய கைக்கு நிதானம் எங்கிருந்து வரும்?

அன்றிலிருந்து அந்த டைலை மிதித்தால் 'டக்' என்று ஒரு சத்தம். "மாத்திடறேன்" என்பார், மாற்ற மாட்டார். விடியற்காலை ஐந்தரைக்கு அவர் தண்ணீர் குடிக்கப் போகும்போது கேட்கிற அந்த டக்தான் எனக்கு அலாரம்.

எங்கள் மகள் மெரின் கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு மறுநாள், திங்கட்கிழமை, அந்தச் சத்தம் கேட்கவில்லை.

கண் விழித்தபோது நன்றாக வெளுத்திருந்தது. அவர் பக்கத்திலேயே மல்லாந்து படுத்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, வேலைக்குப் போவல?"

"கால் வரமாட்டேங்குது அகஸ்டினா."

"மரத்துப் போயிருக்கும். உதறுங்க."

"உதறத்தான் பாக்குறேன். கால் இருக்குது. நான் சொல்றதத்தான் கேக்க மாட்டேங்குது."

விளையாடுகிறார் என்று நினைத்துத் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். "வலிக்குதுடி" என்றார். வலித்தது, ஆனால் கால் அசையவில்லை. முட்டியை மடக்கி வைத்துக் கையை எடுத்தேன். அது அப்படியே சரிந்து பாயில் விழுந்தது. அதற்கு முன்பும் இரண்டு மூன்று தடவை, காலையில் கால் கனக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எழுந்து நடந்தால் சரியாகிவிடும். 'வேலைக்குப் போகக் கள்ளம்' என்று நானும் கேலி செய்திருக்கிறேன். அதெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது.

அடுத்த வீட்டிலிருந்து அவருடைய அண்ணன் அல்போன்ஸ் மாமா ஓடி வந்தார். அவருக்குச் சொந்தமாக ஷேர் ஆட்டோ. இரண்டு பேருமாகத் தூக்கி ஆட்டோவில் கிடத்தி, கருவடிக்குப்பத்தில் எங்களுக்குப் பழக்கமான சின்ன கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் ஒன்பது மணிக்குத்தான் வருவார். நர்ஸ் பெண் ஒருத்தி மட்டும் இருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா, களைப்பு" என்றேன். "சனிக்கிழமை பூரா வேலை. நேத்துப் பொண்ணுக்குப் புதுநன்மை. நாற்காலி தூக்கினாரு, பந்தல் கட்டினாரு, ஒக்காரவே இல்ல. ஒரு குளுக்கோஸ் ஏத்திவுடு."

"டாக்டர் வந்துடட்டும்க்கா."

"வந்து இன்னா சொல்லப் போறாரு? குளுக்கோஸ் ஏத்துன்னுதான் சொல்லப் போறாரு. ஏத்தும்மா!"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். காய்ச்சலா, குளுக்கோஸ். பேதியா, குளுக்கோஸ். பரீட்சை எழுதிவிட்டுப் பெண் மயங்கி விழுந்தாளா, அதற்கும் குளுக்கோஸ். ஒரு பாட்டில் ஏற்றாமல் அனுப்புகிற டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்லிவிடுவோம். என் வாய்க்குப் பயந்து அந்தப் பெண் ஏற்றினாள். அவள் அந்தப் பக்கம் போனதும், குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தை நான் மேலே தள்ளிவிட்டேன். மாமியாருக்கு டெங்கு வந்தபோது பழகிய கை அது. சொட்டு சொட்டாக விழுந்தது கோடாக ஓடியது. சீக்கிரம் ஏறினால் சீக்கிரம் எழுந்திருப்பார் அல்லவா?

முக்கால் பாட்டில் இறங்கியிருக்கும். "அகஸ்டினா, மூக்கு அரிக்குது. சொறிஞ்சி வுடு" என்றார்.

"கை இன்னாச்சு?"

"அதுவும் வரல."

அவர் குரல் பாதியாகியிருந்தது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் அந்த மூக்கைச் சொறிந்துவிட்டேன். அவசரத்தில் நகம் பட்டு அவர் மூக்கில் கோடு விழுந்தது.

அரை மணி நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இருந்தோம். சுடர்விழி என்று ஒரு டாக்டர். என்னைவிட வயதில் சின்னவர். வந்ததும் கையைத் தூக்கச் சொன்னார், காலைத் தூக்கச் சொன்னார், மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். கிளாட்வினால் ஒன்பது வரைக்கும்தான் எண்ண முடிந்தது. பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, "நேத்து என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார்.

"கால் கை வரலன்னு தூக்கிக்கினு வந்தா சோத்தைக் கேக்குறீங்களேம்மா" என்று எரிந்து விழுந்தேன்.

"சொல்லுங்க."

பிரியாணி இரண்டு தட்டு. கேக்கு. பாயசம். மிச்சமிருந்த ஜூஸ் பாட்டில். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டவள் நான்தான். மகள் தேவதை மாதிரி வெள்ளைக் கவுனில் நிற்கிற சந்தோஷத்தில் அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இன்னிக்குக் காலையில ஏதாவது ஏத்தினீங்களா?"

அல்போன்ஸ் மாமா தரையைப் பார்த்தார். "குளுக்கோஸ்" என்றேன். "நான்தான் ஏத்தச் சொன்னேன். வேகமா வெச்சதும் நான்தான்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இதயத்தின் ஓட்டத்தைக் காகிதத்தில் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் சொன்னார்: "ரத்தத்துல பொட்டாசியம் மூணரையாவது இருக்கணும். இவருக்கு ஒண்ணு புள்ளி எட்டு. அதனாலதான் தசையெல்லாம் வேலை நிறுத்தம் பண்ணிடுச்சு. சில பேரு உடம்பு வாகு அப்படி. நல்லா உழைச்சிட்டு, மாவும் சர்க்கரையுமா வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தா, ரத்தத்துல இருக்கிற பொட்டாசியம் தசைக்குள்ள போய் ஒளிஞ்சிக்கும். குளுக்கோஸ் ஏத்தினா மிச்சம் இருக்கறதும் உள்ள போயிடும்."

"பொழைச்சிடுவாரா?"

"மூச்சுத் தசையும் இதயமும் தாங்கணும். இப்போ தாங்குது. மருந்து இருக்கு. ஆனா மெதுவாத்தான் ஏத்த முடியும்."

அந்த மருந்தை நான் பார்த்தேன். நிர்மலா என்கிற நர்ஸ் இரண்டு சின்னக் குப்பிகளை உடைத்தார். தண்ணீர் மாதிரி இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு டம்ளரில் பாதிகூட வராது.

"இவ்ளோதானா சிஸ்டர்?"

"இவ்ளோதான். வாழைப்பழத்துலயும் இளநீர்லயும் இருக்கிற உப்புதான் இது."

இருபது கிலோ டைல் பெட்டியை, இரண்டு இரண்டாகத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிற மனுஷன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் எட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். அந்த ஆள் விழுந்து கிடப்பது இந்த அரை டம்ளர் இல்லாததால் என்றால் யார் நம்புவார்கள்? எலும்பு, சதை, ரத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வருஷமாக என் உடம்புக்குள்ளும் இந்த உப்பு ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதற்கு ஒரு நன்றிகூட நான் சொன்னதில்லை.

நிர்மலா குப்பி மருந்தைச் சலைன் பாட்டிலில் கலந்து, குலுக்கி, கம்பத்தில் மாட்டி, அவரது இடது கையில் ஊசியைச் சேர்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டு எண்ணினார். சக்கரத்தை ஒரு நூலளவு தள்ளி மறுபடி எண்ணினார்.

"நிமிஷத்துக்கு நாப்பது சொட்டு. இந்த பாட்டில் முடிய நாலு மணி நேரம் ஆவும். சக்கரத்துல யாரும் கை வெக்கக் கூடாது. வேகமா போச்சுன்னா இதயம் நின்னுடும். காதுல வாங்கினீங்களா?"

"எழுப்பற மருந்தேவா கொல்லும்?"

"அதே மருந்துதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்தேன். அந்த அறையில் எல்லாக் கட்டிலுக்கும் ஒரு கம்பம், எல்லாக் கம்பத்திலும் ஒரு பாட்டில். பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர் வெயிலிலும் வாந்தியிலும் வற்றிப்போய்க் கிடந்தார். அவருக்கு வெறும் உப்புத் தண்ணீர், மடமடவென்று ஓடியது. சர்க்கரை எகிறி நினைவு தப்பிய கல்லூரிப் பெண்ணுக்கு இன்சுலின். கரும்பு வெட்டப் போன இடத்தில் பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு. எல்லாம் பார்வைக்கு ஒரே தண்ணீர்தான். இவருக்கு ஓட வேண்டியது, அவருக்கு ஊர வேண்டியது. ஒருத்தருக்கு உயிர் கொடுப்பது இன்னொருத்தருக்கு எமன். இத்தனை வருஷமும் நான் எல்லாவற்றையும் குளுக்கோஸ் என்று ஒரே பெயரில் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பூசையில் எத்தனையோ அற்புதங்களைக் கேட்டிருக்கிறேன். ஒன்றிலாவது இப்படி உட்கார்ந்து சொட்டு எண்ணினார்களா?

நான் எண்ணினேன். நாற்பது. மறுபடி நாற்பது. ஒரு மணி நேரம் போனது, ஒன்றரை மணி நேரம் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூச்சு மேலாக, சின்னதாக வந்தது. கால் விரலைப் பார்த்தேன், கை விரலைப் பார்த்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

இரண்டு மணி நேரம் ஆனபோது எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலில் பாதி அப்படியே நிற்கிறது. மூச்சு இன்னும் சிறுத்துவிட்ட மாதிரி தெரிந்தது. இது முடிவதற்குள் இவர் முடிந்துவிட்டால்? மெரினுக்கு நான் என்ன சொல்வேன்? நிர்மலாவைத் தேடினேன். வாசலில் புதிதாக யாரையோ ஸ்ட்ரெச்சரில் தள்ளி வந்தார்கள், எல்லோரும் அங்கே ஓடினார்கள். நாற்பதை ஐம்பதாக்கினால் என்ன கெட்டுப்போகும்? பத்துச் சொட்டுதானே. இதயம் நின்றுவிடும் என்று சொன்னது காதில் இருந்தது. ஆனால் காதின் பேச்சை என் கை எப்போது கேட்டிருக்கிறது?

எழுந்து அவர்மேல் குனிந்து, அந்தப் பக்கம் தொங்கிய சக்கரத்துக்குக் கை நீட்டினேன். எட்டவில்லை. முந்தானை கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. வெடுக்கென்று இழுத்தேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

கம்பி இல்லை. அவருடைய வலது கை. ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் என் முந்தானையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

காலையிலிருந்து மூக்கைச் சொறியக்கூட வராத கை. பிடி என்று சொல்ல முடியாது, ஒரு குழந்தை பிடித்தால்கூட இன்னும் இறுக்கமாக இருக்கும். நான் அப்படியே நின்றேன். சக்கரத்துக்கு நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

கண்ணைத் திறந்தார். "ஒட்டறதுக்கு நேரம் குடு" என்றார்.

நான் போட்ட சத்தத்தில் நிர்மலா ஸ்ட்ரெச்சரை விட்டுவிட்டு ஓடி வந்தார், ஏதோ ஆகிவிட்டது என்று. "விரலு, சிஸ்டர், விரலு!" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். நிர்மலா அந்த விரலைப் பார்த்தார். பிறகு குனிந்து நின்றிருந்த என்னையும் சக்கரத்தையும் பார்த்தார். கடிகாரத்தைத் தூக்கிச் சொட்டு எண்ணினார். "நாப்பது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். மற்ற விரல்கள் வந்தன. மணிக்கட்டு வந்தது. இரண்டாவது பாட்டில் மாட்டியபோது தலையைத் தூக்கினார். மூன்று மணிக்கு இடது கால் பெருவிரல் அசைந்தது. மனுஷனை யாரோ மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டு வருவது போல, ஒவ்வோர் அங்கமாக அவர் திரும்பி வந்தார். நான் மூச்சு விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அன்று முழுக்க நான் அவசரப்படவே இல்லை.

சாயந்திரம் எழுந்து உட்கார்ந்து, தன் மூக்கைத் தானே சொறிந்துகொண்டார். "இன்னாடி கோடு இது?" என்றார். நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில் மீன்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"காலையில நீ அந்தச் சக்கரத்த தள்ளினத பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார் மெதுவாக.

"ஏன் சொல்லல?"

"நீ சொன்னா கேப்பியா?"

ஒரு நாள் வைத்திருந்து பார்த்தார்கள். தைராய்டு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், குடிக்க மருந்து கொடுத்தார்கள். விருந்து என்றால் ஒரு தட்டோடு நிறுத்த வேண்டும், கால் கனத்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சுடர்விழி அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அல்போன்ஸ் மாமாவின் ஆட்டோவிலிருந்து தானே இறங்கினார். மெரின் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். நான் பையைப் பிரித்துத் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க அவர் சமையலறைக்குள் போனார்.

டக்.

கையிலிருந்த துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த டைல நாளைக்கே மாத்திடறேன் அகஸ்டினா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தொட்டுப் பாருங்க, கைய ஒடிச்சிடுவேன்" என்றேன். "இன்னொரு வாட்டி மிதிங்க."