இடப்பக்கக் கரை

அன்று காலை தறி அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். முனிரத்தினம் தறிக்குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, எப்போதும் நெய்கிற இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கமலவேணி கதவோரம், கவிழ்த்த அண்டாவின் மேல். அவள் தம்பி பரசுராமன் தாலுகா ஆபீசில் பியூன். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அவனுக்கு. திருப்புட்குழியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த கொத்தனார் துரைக்கண்ணு வடக்குச் சுவரின் அடியில் குந்தியிருந்தார். அவர் கையில் உளி இருந்தது.

சுவர் கருங்கல் சுவர். முனிரத்தினத்தின் பாட்டன் காலத்தில் கல்லை அடுக்கி, இடுக்குகளில் சுண்ணாம்பு பூசிக் கட்டியது. அது இப்போது இடுப்பு உயரத்தில் அறைக்குள் தள்ளிக்கொண்டு நின்றது. துரைக்கண்ணு உத்தரத்திலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூலுக்கு இந்தப் பக்கம் நாலு விரற்கடை வந்திருந்தது சுவர்.

"ரெண்டரை வருசம் முன்னாடி இதே சொவுத்துக்கு வந்தேன் மொதலியாரே. வாசலோட அனுப்பிட்டீங்க. இப்ப உள்ளாற கூப்ட்டுக்கினீங்க. சொவுரு நல்லா இருந்தா என்னை யாரு உள்ள கூப்புடப் போறாங்க."

"அப்ப நீ சுண்ணாம்பு அரைக்கவே பத்து நாள் கேட்டப்பா," என்றான் பரசுராமன். "நான் பர்மிட்டு வாங்கி ஆறு மூட்டை சிமிட்டி கொண்டாந்தேன். ஊர்ல எவனுக்குக் கெடைச்சுது சிமிட்டி?"

"கெடைக்காத பொருளு. அதான் மிச்சம் வெக்காம அடைச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு துரைக்கண்ணு உளியை இரண்டு கல்லுக்கு நடுவில் வைத்துத் தட்டினார். சிமெண்டுப் பட்டை ஒரு முழ நீளத்துக்கு அப்படியே பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினார். சுண்ணாம்பும் மண்ணும் கரைந்து, ஈர மாவு மாதிரி விரல் வழியே வழிந்தது. மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"கல்லு தண்ணி குடிக்காது. உள்ள இருக்கிற சுண்ணாம்பும் மண்ணும் குடிக்கும். குடிச்சத இடுக்கு வழியா வெளிய வுட்டுடும். நீங்க இடுக்கை அடைச்சிட்டீங்க. சிமிட்டில மயிரிழை விரிசல் இருந்தா மழை உள்ள பூந்துடும், திரும்பிப் போவ வழி கெடையாது. அப்புறம் எங்க போவும்? ரூமுக்குள்ள வரும்."

"சிமிட்டிய எல்லாம் எடுத்துட்டு மறுபடியும் சுண்ணாம்பு போட்டா நிக்குமாண்ணா?" என்று கேட்டாள் கமலவேணி.

துரைக்கண்ணு கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "எடுத்தா எடுக்கிறப்பவே சரியும்மா. எடுக்கலைன்னா வர்ற ஐப்பசில அதுவா சரியும். முட்டுக் குடுத்துட்டு, கல்லு கல்லா எறக்கணும். மொதல்ல தறியக் கழட்டுங்க."

தறியில் தை பிறந்ததும் ஏற்றிய பாவு நூல் இருந்தது. போன ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நெசவாளர் சங்கத்தில் பட்டு வரத்து இல்லாமல் தறி சும்மா கிடந்தது. இப்போதுதான் வேலை வந்திருந்தது.

கமலவேணி எழுந்து அந்தச் சுவர் மாடத்தில் இருந்த சாமான்களை எடுக்கத் தொடங்கினாள். விளக்கு, எண்ணெய்க் கிண்ணம், கடைசியாகக் காகிதத்தில் சுற்றிய ஜரிகைக் கட்டு. சங்கத்தின் புது குமாஸ்தா பத்து நாளைக்கு முன்னால்தான் கொடுத்தது. காகிதம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தவள் அதைக் கணவரிடம் நீட்டினாள். ஜரிகை கறுத்திருந்தது.

"புது ஆளும் டூப்ளிகேட்டு குடுக்கறானா?" என்று கேட்ட பரசுராமன், கேட்ட பிறகுதான் சுவரைப் பார்த்தான்.

முனிரத்தினம் குழியில் இருந்தபடியே இடது கையை நீட்டினார். விரல் நுனி சுவரைத் தொட்டது. இருபத்தெட்டு வருடமாக இதே குழியில், இதே திசையைப் பார்த்துத்தான் உட்காருகிறார். சேலையின் இடப்பக்கக் கரை சுவரோரம். வலப்பக்கக் கரை அறையின் நடுவில். அவர் நெய்த சேலைகளில் கறுத்தது எப்போதும் இடப்பக்கக் கரைதான்.

அவர் எட்டாவது வரை படித்தவர். எதை எழுதினாலும் இலக்கமிட்டு எழுத வேண்டும், ஒரு நகல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை விட்டதில்லை. தெருவில் யாருக்கு மனு என்றாலும் அவரிடம்தான் வருவார்கள். தகரப் பெட்டியைத் திறந்து, சங்கத்துக்கு எழுதிய ஏழு கடிதங்களின் நகல்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் ஒரே விஷயம். ஜரிகை வழங்கும் குமாஸ்தா மாணிக்கவாசகம் நல்ல கட்டுக்குள் போலி ஜரிகைக் கண்டு ஒன்றைச் செருகிக் கொடுக்கிறார். அதனால் ஒரு கரை கறுக்கிறது. நடுவில் ஒரு கோடையில் நெய்த சேலைகள் பளிச்சென்று இருந்தன. அதையும் விடவில்லை. 'நமது கடிதங்களுக்குப் பயந்து தற்சமயம் அசல் ஜரிகை வழங்கி வருகிறார் என்பதே அவர் குற்றத்துக்குச் சான்று' என்று ஆறாவது கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வரியை எழுதிய அன்று கமலவேணியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். அத்தனை திருத்தமாக வந்த வரி.

ஏழாவது கடிதத்துக்குப் பிறகு மாணிக்கவாசகத்தை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முதல் நாள் அவர் இந்த வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு டப்பா. முனிரத்தினத்துக்குக் கொடுத்த அதே கட்டில் மிச்சம் வைத்த ஜரிகை அதில் இருந்தது, மங்காமல் இருந்தது. "உள்ள வந்து உன் தறியை ஒரு தரம் பாக்கறேம்பா. எனக்கும் தெரியணும் இல்ல," என்றார். முனிரத்தினம் வாசலை மறித்து நின்றார். "ஊருக்குக் காட்ட ஒரு ஜரிகை, எனக்குக் குடுக்க ஒரு ஜரிகையா?" என்று கேட்டார். தெருவே சிரித்தது.

"இப்ப எங்க இருக்கறாரு அவரு?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"ஆரணிப் பக்கம் ஏதோ ரைஸ் மில்லுல இருக்கறதா கேள்வி," என்றான் பரசுராமன். "வைகாசி கருட சேவைக்கு அவர் சம்சாரம் அம்சா வந்திருந்தாங்க. நான் கும்பிட்டேன். மூஞ்சிய திருப்பிக்கினாங்க. பொண்ணுக்கு நிச்சயம் பண்ண எடம் கலைஞ்சி போச்சாம். 'ஜரிகை திருடன் வூட்டுல எடுக்க மாட்டோம்'னுட்டாங்களாம்."

துரைக்கண்ணு முட்டுக் கொடுக்கக் கழி பார்க்க வெளியே போனார். முனிரத்தினம் பேனாவை எடுத்தார்.

"இன்னா எழுதப் போறீங்க?" என்றாள் கமலவேணி.

"சங்கத்துக்கு."

"எழுதி? அந்த வேலையில சங்கத் தலைவரோட மருமகன் உக்காந்துக்கினு இருக்கறான். அவனை எழுப்பிட்டு இவரை உக்கார வெப்பாங்களா? கெட்டுப் போன சேலை எல்லாம் உங்க வூட்டுத் தப்புதான்னு சொல்லி, பாவை நிறுத்திடுவாங்க. சொவுரும் இல்ல, தறியும் இல்லன்னா நாம எங்க போறது?"

"நிறுத்துவாங்க. தெரியும்."

"அக்கா சொல்றது சரி மாமா," என்றான் பரசுராமன். "சிமிட்டி வாங்கியாந்தவன் நானு. உங்க மேல இன்னா தப்பு?"

"சிமிட்டி நீ வாங்கியாந்த. லெட்டர் நீயா எழுதின?"

நெய்த சேலையைச் சுற்றும் படுமரத்தின் மேல் பலகையை வைத்து எழுதினார். பெறுநர், பொருள் எல்லாம் வழக்கம்போல் வந்தன.

'1. எனது தறி அறையின் வடக்குக் கருங்கல் சுவருக்கு 1967 ஆவணியில் சிமெண்டு பூசப்பட்டது. 2. அது முதல் சுவர் உட்புறம் ஈரம் கசிந்து வந்துள்ளது. 3. எனது சேலைகளின் இடப்பக்கக் கரை அச்சுவரை ஒட்டி இருந்தபடியால் கறுத்தது. புது குமாஸ்தா வழங்கிய ஜரிகையும் பத்தே நாளில் அதே சுவரில் கறுத்துள்ளது, இத்துடன் இணைத்துள்ளேன். 4. ஆகவே திரு. மாணிக்கவாசகம் அவர்கள் மீது நான் எழுதிய ஏழு கடிதங்களும் தவறானவை.'

ஐந்து என்று போட்டார். வாசலில் வந்து நின்ற ஆளை உள்ளே விடாததை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இலக்கத்தை அடித்தார். கையெழுத்துக்குக் கீழே 'நகல்: திரு. மாணிக்கவாசகம்' என்று எழுதினார். அதற்கு மேல் ஊர்ப் பெயரோ மில்லின் பெயரோ தெரியவில்லை. நகலை மடித்துப் பெட்டியில், பழைய ஏழின் மேல் வைத்தார்.

தறியைக் கழற்றி, சுவருக்கு முட்டுக் கொடுத்த பிறகு துரைக்கண்ணு முதல் கல்லை இறக்கினார். அதோடு மூன்று கற்கள் தாமாகவே வந்து விழுந்தன. "தள்ளி நில்லும்மா," என்றார் கமலவேணியிடம். அவள் அறுத்து எடுத்த பாவைச் சுருட்டி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

முனிரத்தினம் கறுத்த ஜரிகையில் ஒரு சாண் வெட்டிக் கடிதத்துக்குள் வைத்தார். பாவுக்குப் போடும் கஞ்சியில் மிச்சம் இருந்ததை விரலில் தொட்டு உறையை ஒட்டி, வேட்டி மடிப்பில் அழுத்திக் காயவைத்துக்கொண்டே தபாலாபீசுக்கு நடந்தார்.

கவுண்டரில் இருந்தவருக்கு அவரை நன்றாகத் தெரியும். உறையை வாங்கி விலாசத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மறுபடியும் சங்கமா? கொஞ்ச நாளா காணமேன்னு பாத்தேன். இந்த வாட்டி யாருப்பா மாட்டிக்கினது?"

முனிரத்தினம் ரசீதுக்குக் கையை நீட்டினார். கவுண்டரில் இருந்தவர் முத்திரையை இரண்டு தரம் குத்தி, உறையைத் திரும்பிப் பார்க்காமலே பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.