முகாமில் மூணாம் மாடி அக்கா

காலை ஒன்பதரைக்கு அவள் உதவி முகாமுக்கு வந்தபோது வாசலில் வரிசை இல்லை, கூட்டம்தான் இருந்தது. பெரிய துணிக்கடையின் நான்கு கிளைகளும் மூடி இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. வேலை போனவர்களுக்கு அரசாங்கம் ஆறு மாத உதவித்தொகை அறிவித்திருந்தது. மனு வாங்க ஒரே ஒரு நாள், மாலை ஐந்து மணி வரை. அந்த ஒரு நாளை முடிவு செய்த புண்ணியவான் ஆயுசில் ஒரு தடவைகூட வரிசையில் நின்றிருக்க மாட்டான்.

கடையில் அவளுக்கு மூணாம் மாடி அக்கா என்றுதான் பெயர். அங்கே குழந்தைகள் துணிப் பிரிவில் பத்தொன்பது வருடம் நின்றவள். கூட்டத்தைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. கொடுக்க ஆளில்லாமல் டோக்கன் கட்டு மேசைமேல் கிடக்க, எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். கைக்குழந்தைக்காரிகளை முன்னால் விட்டாள். எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் விழித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். உள்ளே ஒரே கணினி, அதன் முன்னால் ஒரே அதிகாரி, அவள் தம்பி வயசு. பதினொரு மணிக்கு அவர் தலை நிமிராமலே மனுக்களை எண் வாரியாக அடுக்கித் தரச் சொன்னார். அடுக்கினாள். ஜெராக்ஸ் எடுத்து வரச் சொன்னார். ஓடினாள். மத்தியானம் டீ வாங்கி வரச் சொன்னபோது கொஞ்சம் உறுத்தியது. அதையும் வாங்கி வந்தாள், தன் காசில்.

அவளுடைய மனு கைப்பைக்குள்ளேயே இருந்தது. கடையில் கூட வேலை பார்த்த கேஷ் கவுண்டர் பெண் இரண்டு தடவை வந்து, முதலில் உங்களுடையதைக் கொடுங்களக்கா என்று கெஞ்சிவிட்டாள். கொடுத்திருக்கலாம்தான். ஆனால் கடையில் ஊழியர்கள் தங்களுக்கு ஒரு கைக்குட்டை எடுப்பதென்றாலும் கடைசி வாடிக்கையாளர் படியிறங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். பத்தொன்பது வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? வெளியே இத்தனை பேர் வெயிலில் நிற்க, உள்ளே நிற்கும் தான் முந்துவது திருட்டுத்தனமாகப் பட்டது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று இன்னமும் நம்புகிற ஜென்மம் அவள். வீட்டிலோ லாரி ஓட்டிய கணவர் இடுப்பில் பட்டையோடு படுத்திருந்தார். வேறு வரும்படி கிடையாது. அந்த உதவித்தொகை வந்தால்தான் வாடகை, வந்தால்தான் அடுப்பு.

கடையில் துப்புரவு வேலை செய்த பெரியவர் கடைசி ஆளாகப் பதிந்துவிட்டுப் போனதும் அவள் தன் மனுவை எடுத்து நீட்டினாள். அதிகாரி கணினியை அணைத்துக்கொண்டிருந்தார். மனுவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுதா? நீங்க எங்க ஆபீஸ் ஆளுன்னுல்ல நெனச்சேன். அஞ்சாச்சும்மா, சிஸ்டம் மூடிடுச்சு. காலைலயே குடுத்திருக்கலாமே."

காலையிலேயே! அவர் குடித்த டீ டம்ளர்கூட இன்னும் மேசைமேல்தான் இருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி நாள் முழுக்க அவளையே மணியாட்ட வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார். காவலாளி வேறு பின்பக்கத்து விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டு அதிகாரி பையைத் தோளில் மாட்டினார்.

அவள் அவர் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் குரல் உயரவில்லை.

"சார், ஷட்டர பாதி எறக்கின பிறகும் கடைக்குள்ள ஒரு ஆளு நின்னா, அவங்க வாங்கிட்டுப் போற வரைக்கும் நாங்க வெளக்க அணைச்சதில்ல. அதுக்காக யாரும் சம்பளத்த சேத்துக் குடுக்கல. நான் காலைலேருந்து உள்ளதான் நிக்கிறேன். என்னை உள்ள வச்சுகிட்டு எப்படி மூடுவீங்க? அந்த மேலிடத்துக்கு இப்பவே போன் போடுங்க."

அதிகாரி வாசலைப் பார்த்தார். பஸ்ஸுக்குப் போயிருந்த கேஷ் கவுண்டர் பெண் திரும்பி வந்திருந்தாள். விஷயம் புரிந்ததும் உள்ளே வந்து அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அடுத்து துப்புரவுப் பெரியவர். அடுத்து கைக்குழந்தையோடு ஒருத்தி. பிறகு பஸ் நிறுத்தத்திலிருந்து ஏழெட்டுப் பேர். நாற்காலிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன.

அதிகாரி பையை இறக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்தார். எதிர்முனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காவலாளி அவரையும் பார்த்தார், நாற்காலிகளையும் பார்த்தார். பிறகு சுவரோரம் போய், அணைத்த விளக்குகளில் ஒன்றை மறுபடி போட்டார்.