ஞானையா பங்குக் கரையும் நீர்நாய்களும்

கதை எழுதிப் பழகிய கை அன்று இது. அறிந்தோர் பலர் எழுதிவரும் இடத்தில், பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளுக்கு அப்பால் ஒரு வரியும் எழுதியிராத ஒருவர் நுழைவது துணிச்சல் என்பதை உணர்ந்தே, வாசிப்போரிடம் முதலில் மன்னிப்புக் கோருகிறேன். நடையில் தடுமாற்றம் தென்பட்டால் பெருமனத்தோடு பொறுத்தருள வேண்டும். நடந்த காரியம் எளியது. அதை நேராகச் சொல்லிவிட முயல்கிறேன்.

கொல்லம் ஆயிரத்து எண்பத்தேழாம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கிழக்கே, ஏரலுக்குப் போகும் வழியில் புளியங்கரை என்றொரு சிற்றூர். அவ்வூரில் துப்பாக்கி வைத்திருந்தவர் நேசையா ஒருவரே. வாழைத் தோட்டத்தைக் கிளறிப் பாழாக்கும் பன்றிகளை விரட்டுவதற்காக லைசென்சு பெற்று வாங்கிய கேப்புத் துப்பாக்கி அது. நேசையாவின் குறி தப்பாது. பேச்சும் அப்படியே. ஒருமுறை சொன்னதை அவர் மறுமுறை மாற்றிச் சொல்லி ஊரில் எவரும் கேட்டதில்லை. சபைக் கூட்டமானாலும் சரி, சந்தையானாலும் சரி, அவர் வாயைத் திறந்தால் அத்துடன் காரியம் முடிந்தது என்று மற்றவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

ஊருக்குத் தண்ணீர் தந்தது ஒரு கிளை வாய்க்கால். அதன் ஒரு கரை இயற்கையாக அமைந்த மேடு. மருத மரங்கள் நெருக்கமாக வேர்விட்டு நின்றன. எதிர்க்கரைதான் மனிதர் கட்டியது. அதற்குக் கீழே பள்ளத்தில் வயல்களும் வாழைத் தோட்டங்களும் கிடந்தன. அந்தக் கரையை முன்னோர் குடும்பவாரியாகப் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். அவரவர் பங்கில் அவரவர் ஆண்டுதோறும் மண் போட்டு, மிதித்து, கெட்டிப்படுத்த வேண்டும். அதில் ஒரு கண்டிப்பான வழக்கமும் இருந்தது. ஒருவர் பங்கில் இன்னொருவர் ஊரறிய ஒரு கூடை மண் போட்டுவிட்டால், அந்தப் பங்கின் சுமை அன்றுமுதல் போட்டவரையே சேரும். அவர் காலத்துக்குப் பிறகு அவர் பிள்ளைகளையும் சேரும். உதவி என்று கைவைத்துவிட்டு நடுவில் நழுவிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நாளடைவில், அடுத்தவர் பங்குப் பக்கம் கூடையோடு நடப்பதற்கே ஊரார் அஞ்சினார்கள்.

ஞானையா என்பவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய நிலம் தரிசாகக் கிடந்தது. அவருடைய பங்குக் கரையில் அதன்பின் மண் விழவில்லை. அந்தப் பங்குக்கு நேர் கீழே இருந்தது நேசையாவின் வாழைத் தோட்டம். குலை தள்ளும் பருவம். ஐப்பசி மழை வருவதற்குள் கரை உறுதிப்படாவிட்டால், தோட்டம் முழுவதும் தண்ணீரோடு போகும். இது நேசையாவுக்குத் தெரியும்.

புரட்டாசியில் ஞானையா பங்குக் கரை கசியத் தொடங்கியது. வாழைகளின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதே சமயத்தில், அந்தக் கரைமேல் ஒரு நீர்நாய்க் குடும்பம் ஏறி வெயில் காய்வதைப் பலர் பார்த்தார்கள். ஆணும் பெண்ணும் அரைவளர்ச்சியில் இரண்டு குட்டிகளும். கரையிலிருந்த ஓட்டைகளைச் சுற்றி மீன் செதிலும் முள்ளும் சிதறிக் கிடந்தன. ஊர் மடையருகே கூடிப் பேசியது. கைலாசம் பிள்ளை நடுவில் நின்றார். ஊரில் பாதி நிலம் அவருடையது. கரையில் பெரிய பங்கும் அவருடையதே. நீர்நாய்கள் கரையைக் குடைகின்றன, மீனையும் தின்று தீர்க்கின்றன, அவற்றை ஒழித்தால்தான் ஊர் பிழைக்கும் என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள். ஞானையா என்ற பெயரை மட்டும் ஒருவரும் எடுக்கவில்லை. அடித்துப் பேசியவர் ஐயம்பெருமாள். நேசையாவின் தோட்டத்தை அடுத்து நிலம் வைத்திருந்தவர்.

"செதிலும் முள்ளும் ஓட்ட வாயிலயே கிடக்கு. இதுக்கு மேல என்னவே சாட்சி வேணும்? நீர்நாயி தாலுகா கச்சேரிக்கு வந்து கையெழுத்துப் போடணுமோ?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். கைலாசம் பிள்ளை நேசையாவைப் பார்த்தார்.

"துப்பாக்கி உம்மகிட்டத்தான் இருக்கு, நேசையா. ஊருக்காகச் செய்யும்."

"தீத்துருதேன், அண்ணாச்சி" என்றார் நேசையா. கூட்டம் கலைந்தது.

வீட்டில் அவர் மனைவி சாரம்மாள் முற்றத்தில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிண்டிக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் கால் நின்றது.

"அது கரையத் தோண்டுதத நீங்க கண்ணால பாத்தியளா?"

"கரையில கிடந்து வெயில் காயுதத பாத்தேன்."

"வெயில் காயுதவனையெல்லாம் சுடணும்னா, இந்த ஊர்ல முதல்ல ஐயம்பெருமாள் அண்ணாச்சியத்தான் சுடணும்."

நேசையாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, மிருகஜீவன்களை ஆளும் அதிகாரம் மனிதனுக்கு அளிக்கப்பட்டிருக்கிறது என்று சபை உபதேசியார் பிரசங்கத்தில் சொன்னதை நினைவூட்டினார். சாரம்மாள் அதை மறுக்கவில்லை.

"ஆளத்தானே சொல்லியிருக்கு? நம்ம பழியத் தூக்கி அது தலையில போடவா சொல்லியிருக்கு?" என்று கேட்டுவிட்டு, ஞானையா பங்கில் நாலு கூடை மண் போட்டால் தீருகிற காரியம் என்றாள். போட்டால் அது தலைமுறைக்கும் நம் கழுத்தில் விழும் என்றார் அவர். அவள் மறுபடி நெல்லைக் கிண்டத் தொடங்கினாள். தம் பேச்சே வென்றது என்று எடுத்துக்கொண்டு அவர் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தார்.

மறுநாள் நல்ல வெயில் ஏறிய பிறகு, நேசையா மருத மரங்களுக்கு இடையில் மறைந்து அமர்ந்தார். எதிரே, கட்டிய கரைமேல் ஆண் நீர்நாய் ஒரு கெண்டையை இரு முன்கால்களாலும் பிடித்துத் தலையிலிருந்து தின்றுகொண்டிருந்தது. அவர் சுட்டார். மீன் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமுமாக விழுந்தன. மற்றவை தண்ணீருக்குள் மறைந்தன.

கேப்புத் துப்பாக்கியை மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். மருந்தைக் கொட்ட வேண்டும், அடைப்பு வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும், ரவையைப் போட்டு மீண்டும் இடிக்க வேண்டும், பிறகு கேப்பு மாட்ட வேண்டும். பன்றியாக இருந்தால் அதற்குள் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். பெண் நீர்நாய் தாண்டவில்லை. தண்ணீருக்கு மேலே கழுத்தை நீட்டிச் சீழ்க்கை அடிப்பது போல ஓயாமல் கூவியது. பின்பு கரையேறி வந்து, விழுந்து கிடந்ததை மூக்கால் தள்ளிப் பார்த்தது. நேசையாவின் கை கம்பியால் இடித்துக்கொண்டிருந்தது. அது அவரைப் பார்த்தது என்றே அவருக்குத் தோன்றியது. பார்த்தும் போகவில்லை. அந்த இடைவெளியில் எழுந்து ஒரு கல்லை விட்டெறிந்திருந்தால் அது பிழைத்திருக்கும். எழவில்லை. எடுத்த காரியத்தை நடுவில் விட்டுப் பழக்கமில்லாதவர் அவர். இரண்டாவது குண்டும் தப்பவில்லை.

தாயைத் தேடி வந்த குட்டிகளில் ஒன்று அன்று பிற்பகலில் விழுந்தது. மற்றொன்று வாய்க்காலோடு கீழே போய்க் கண்மறைந்தது. ஊரார் மூன்றையும் கம்பில் கட்டி மடைவரை தூக்கிப் போனார்கள். ஐயம்பெருமாள் நேசையாவின் முதுகில் தட்டினார். கைலாசம் பிள்ளை வெற்றிலை கொடுத்தார். நேசையா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போடவில்லை.

அடுத்த நாள் அவர் மண்வெட்டியோடு போனார். நீர்நாய் வளையை அடைத்துவிட்டால் கசிவு நிற்கும், ஓட்டையை அடைப்பது மண் போடுவதாகாது என்று ஒரு சமாதானம் அவர் மனத்தில் இருந்தது. முதலில் வளையைக் கண்டுபிடிக்க வேண்டும். நீர்நாயின் கால்தடங்களும் புல் மடிந்த பாதையும் அவரை மருத மரங்கள் நின்ற மேட்டுக் கரைக்கே இட்டுச் சென்றன. அவர் உட்கார்ந்து சுட்ட இடத்துக்குப் பத்தடி தள்ளி, மருத வேர்களுக்கு அடியில் உலர்ந்த குகை போன்ற ஓர் அறை. உள்ளே காய்ந்த புல் படுக்கை. அவை குடியிருந்தது மேட்டுப் பக்கத்தில். ஊர்க்கரையில் அல்ல.

நேசையா தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கம் வந்து, ஞானையா பங்கை வெட்டிப் பார்த்தார். முதல் ஓட்டையில் பெருச்சாளி இழுத்துச் சேர்த்த நெற்கதிர்கள் இருந்தன. அடுத்ததிலும் அப்படியே. ஓட்டைகளுக்கு இடையில், மிதிபடாமல் வறண்டு வெடித்த மண்ணில் முழங்கைவரை கை போயிற்று. வெளியே கிடந்த செதில், நீர்நாய் வந்து தின்றுவிட்டுப் போட்ட எச்சம். அதற்கும் ஓட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் அந்த இடத்திலேயே குந்தினார். நீர்நாய்கள் கரையைக் காத்தன என்று சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. கெடுக்கவில்லை என்பது உறுதி. தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளவும் அவரால் முடியவில்லை. சாரம்மாள் கேட்ட கேள்வி அவர் காதில் விழுந்த பிறகுதானே துப்பாக்கியைத் துடைத்தார்?

கசிவு நிற்காததைக் கண்டு ஊர் மறுபடியும் மடையருகே கூடியது. ஆற்று வளைவில் இன்னும் ஒரு கூட்டம் நீர்நாய் இருக்கிறது, அவற்றையும் தீர்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவாகிக்கொண்டிருந்தது. நேசையா வெறுங்கையோடு வந்து நின்றார்.

"இனிமே சுட மாட்டேன், அண்ணாச்சி. அதுங்க குடியிருந்தது எதுத்த கரையில. நம்ம கரையில இருக்கது பெருச்சாளி வளை. அதுக்கும் மேல, மூணு வருசமா மிதிபடாத மண்ணு. இது எனக்கு நேத்துத்தான் தெரியும்னு சொல்ல மாட்டேன். உங்க எல்லாருக்கும் தெரியும்."

ஐயம்பெருமாள்தான் முதலில் பேசினார்.

"அப்ப என்னவே செய்யச் சொல்லுதீரு? நீரு சுட மாட்டீரு, நாங்க மண்ணு போட மாட்டோம். வெள்ளம் வந்து நம்ம மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருமா?"

நேசையா மடையருகே கிடந்த கூடையை எடுத்தார். பக்கத்துத் தரிசில் மண்ணை வெட்டி நிரப்பினார். கூட்டம் பின்னால் வர, நடந்துபோய் ஞானையா பங்கில் கொட்டி, ஏறி நின்று மிதித்தார்.

"இது இனிமே எம் பங்கு" என்றார்.

கைலாசம் பிள்ளை அந்த மண்ணைப் பார்த்தார். "யோசிச்சுத்தானே போட்டீரு?"

"யோசிக்காம செஞ்சது துப்பாக்கி எடுத்தது ஒண்ணுதான், அண்ணாச்சி."

அன்றுமுதல் நேசையாவும் சாரம்மாளும் மண் சுமந்தார்கள். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. வந்தால் தங்களுக்கும் அந்தச் சுமையில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளுமோ என்ற அச்சம். அவர்களைக் குறை சொல்லவும் நேசையாவுக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் முன்புவரை அவரும் அவர்களில் ஒருவர்தாம். அவர் வெட்டினார், அவள் சுமந்தாள், இருவரும் சேர்ந்து மிதித்தார்கள். தயக்கம் இன்றி வேலை நடந்தது. வளைகளைத் தோண்டித் திறந்து, அடிவரை மண் இட்டு இடித்துக்கொண்டே போனார்கள். "முன்னாலயே செஞ்சிருக்கலாம்" என்று சாரம்மாள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லாததை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஐப்பசி மழை அவ்வாண்டு முந்திக்கொண்டது. பாதிக்கு மேல் வேலை முடிந்திருந்த ஒரு பிற்பகலில் வாய்க்கால் நிறைந்து, கைபடாமல் இருந்த மீதிப் பக்கத்தில் கரை உடைந்தது.

உடைப்பு என்று வந்துவிட்டால் ஊர் வழக்கம் வேறு. உடைப்பை அடைப்பது எல்லோருடைய வேலை. யார் பங்கென்று பார்ப்பதில்லை. குரல் கேட்ட மாத்திரத்தில் ஊரே ஓடி வந்தது. வைக்கோல் பிரியும் முளைக்கம்புமாக முதலில் தண்ணீரில் குதித்தவர் ஐயம்பெருமாள். கைலாசம் பிள்ளை வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றார். இத்தனை கைகளும் புரட்டாசியில் ஆளுக்கு ஒரு கூடை போட்டிருந்தால் போதும். அதை அன்று அங்கே எவரும் சொல்லவில்லை. முளைக்கம்பைப் பிடித்தபடி ஐயம்பெருமாள் மட்டும் முணுமுணுத்தார்.

"ஆத்து வளைவுல உள்ளதையும் சுட்டிருந்தா இது நடந்திருக்காதுவே."

"சுட்டதுக்கே தண்ணி நிக்கல, அண்ணாச்சி. கம்ப நேராப் பிடியும்" என்றார் நேசையா.

தண்ணீர் வடிந்த பின், ஞானையா பங்கை ஊர் பொதுவாக ஏற்கலாம் என்று கைலாசம் பிள்ளை தாமாகவே ஒரு பேச்சை எடுத்தார். நேசையா ஒத்துக்கொள்ளவில்லை. தாம் ஏற்றது ஏற்றதுதான் என்றும், ஆளில்லாமல் போகும் பங்குகளை இனிமேல் உடையும் முன்பே ஊர் பார்க்க வேண்டும் என்று வழக்கத்தைத் திருத்தினால் போதும் என்றும் சொன்னார். அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். நேசையா துப்பாக்கியை லைசென்சோடு தாலுகா கச்சேரியில் ஒப்படைத்துவிட்டு, தை பிறப்பதற்குள் தம் சொந்தப் பங்கு, ஞானையா பங்கு இரண்டையும் கட்டி முடித்தார்.

இழந்தவை: நேசையாவின் தோட்டத்தில் குலை தள்ளி நின்ற வாழை முழுவதும். கைலாசம் பிள்ளையின் வயல்களில் புதிதாக நட்ட நாற்று. ஐயம்பெருமாளின் கறவைப் பசு ஒன்று. ஞானையா பங்குக் கரையில் மீதிப்பட்ட பகுதி, அதை ஒட்டி நேசையாவின் சொந்தப் பங்கில் ஒரு துண்டு. ஆண் நீர்நாய் ஒன்று, பெண் ஒன்று, குட்டி ஒன்று. தப்பிப்போன குட்டியை அதன்பின் எவரும் காணவில்லை. அதையும் சேர்த்தால் நீர்நாய் நான்கு.