படுத்துப் பார்ப்பது

அந்த ஹோட்டலில் ஓர் அறை தயார் என்று சொல்லும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான் இருந்தது. அவளைவிட மூத்தவரான சலவைக்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு அவள் மேற்பார்வை. அவர்கள் பெருக்கித் துடைத்து, விரிப்பு மாற்றி, துண்டு மடித்து வைத்துவிட்டு வெளியே வருவார்கள். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு வெளியே வந்து, "விளக்குக்கு மேல ஒட்டடை" என்பாள். ஒன்றும் இல்லையென்றால் தலையை ஆட்டுவாள். அப்புறம்தான் கீழே சாவி கொடுப்பார்கள்.

எல்லா மாடிக்கும் ஒரே அக்கா என்பதால் வருகிறவர்கள் பெட்டியோடு கீழே காத்துக் கிடந்தார்கள். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்.

"எல்லாத்தையும் நீங்களே பாத்தா எப்படிக்கா? மேல் மாடியை யார்கிட்டயாவது ஒப்படைங்க. ஒப்படைச்சிட்டு ஓடி ஓடிப் போய்ப் பாக்கவும் கூடாது."

"நான் பாத்தாத்தான் சார் எனக்கு மனசு ஆறும்."

"உங்க மனசு ஆறுறதுக்குள்ள கீழ கெஸ்ட்டோட காப்பி ஆறிடுதே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கொடுக்க மனம் வரவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் தம்பி மனைவியைச் சொன்னாள். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அக்காதான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. வீட்டையே நம்பிக் கொடுத்தவளிடம் ஒரு மாடியைக் கொடுக்க என்ன பயம் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள்.

கண்ணாடியைச் சாய்ந்து நின்று பார்ப்பது, குழாயடியில் விரலால் தடவிப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். கடைசியாகக் கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கையோடு கொண்டு வந்திருந்த துணியைக் கட்டில்மேல் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்தாள்.

"அய்யோ அண்ணி! என்ன பண்றீங்க?"

"நாம நின்னுக்கிட்டுப் பாக்கறோம். வர்றவங்க படுத்துக்கிட்டுப் பாக்கறாங்க. அவங்க கண்ணுக்கு என்ன தெரியும்னு நாமளும் படுத்தாத்தான் தெரியும். வா, படு."

"இதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்களா?" தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பக்கத்தில் வந்து படுத்தாள். இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள்.

"ஃபேன் இறக்கைல அழுக்கு இருக்கு அண்ணி."

"அப்புறம்?"

"திரை ஓரத்துல இடுக்கு விட்டிருக்கு. காலைல வெயில் நேரா மூஞ்சில அடிக்கும்."

அக்கா அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள். இத்தனை வருஷமாக இதை அவள் யாரிடமும் காட்டியதில்லை. "வெளிய சொல்லிடாத. கேக்கறவங்க வேற மாதிரி நினைப்பாங்க" என்றாள்.

"நான் ஏன் சொல்லப் போறேன்?"

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அக்காவுக்குப் பெரும் பாடு. கை வேலை செய்யும், கண் மாடிப்படிக்குப் போகும். சலவைக்காரர் விடவில்லை.

"என்னக்கா, கட்டிக் குடுத்த பொண்ணு வீட்டை எட்டிப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"நீங்க உங்க விரிப்பைப் பாருங்க. மூலையில சுருக்கம்."

ஆனாலும் அவள் மேலே போகவில்லை. அறைகள் நேரத்துக்குத் தயாராயின. "பாத்தீங்களா, ஒண்ணும் குடி முழுகிடலையே" என்று மேனேஜர் சிரித்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது தம்பி மனைவியின் பையையும் அக்காவே சுமந்துகொண்டு நடந்தாள்.

பிறகு ஒரு மத்தியானம் மேல் மாடியில் கூச்சல் கேட்டது. காலையில் வெளியே போயிருந்த வயதான கணவனும் மனைவியும் திரும்பி வந்து தங்கள் அறையைத் திறந்திருக்கிறார்கள். கட்டிலில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். முந்தைய இரவு தம்பியின் குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் யாருமே தூங்கவில்லை, அக்காவும்தான்.

அக்கா மேனேஜர் அறைக்குள் போனபோது தம்பி மனைவி அழுதுகொண்டிருந்தாள். வரவேற்பில் இருக்கும் பெண் கதவோரம் நின்றாள்.

"வேலை நேரத்துல கெஸ்ட் கட்டில்ல படுக்கலாம்னு உனக்கு யார் சொன்னது?" என்று மேனேஜர் கேட்டார்.

"அண்ணிதான் சார் படுக்கச் சொன்னாங்க." அவள் அக்காவைப் பார்க்கவில்லை. "அவங்க தினமும் படுப்பாங்க. எல்லா ரூம்லயும். கதவைச் சாத்திக்கிட்டு."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அடுத்த சொல்லுக்காக அக்கா காத்திருந்தாள். அசந்து தூங்கிட்டேன், அது என் தப்பு என்று அவள் சொல்லிவிடுவாள் என்று நம்பினாள். அவள் மூக்கை உறிஞ்சினாள், அவ்வளவுதான்.

"நீங்க படுப்பீங்களா?"

"படுப்பேன் சார்."

"எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

வரவேற்புப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். அதன்பிறகு அக்கா என்ன விளக்கிச் சொன்னாலும் அது சாக்குப் போலவே ஒலித்தது. அவளுக்கே அது கேட்டது. பாதியில் நிறுத்திவிட்டாள்.

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "இனிமே கதவைத் திறந்து வெச்சுத்தான் ரூம் பாக்கணும். கட்டில்ல யாரும் உக்காரக்கூடக் கூடாது. மேல் மாடியைப் பழையபடி நீங்களே எடுத்துக்கங்க. இவளை என்ன பண்ணலாம்? உங்க ஆளு, நீங்களே சொல்லுங்க."

"வேலையை விட்டு எடுக்க வேணாம் சார். கீழ துண்டு மடிக்கட்டும். மாடியைக் குடுத்தது நான். கெஸ்ட்கிட்ட நானே மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கேட்டாள். அந்தப் பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு அறை வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது தம்பி, "பயத்துல ஏதோ சொல்லிட்டா, விடுக்கா" என்றான்.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலையே அண்ணி" என்றாள் அவன் மனைவி.

"பொய் சொல்லியிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

குழந்தை அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்தது. அதற்கு ஊட்டிவிட்டாள்.

மறுநாள் மேல் மாடியில் முதல் அறைக்குள் போனாள். கதவு திறந்திருந்தது. தாழ்வாரத்தில் யாரோ, "மெதுவா நடங்கடி, அக்கா தூக்கம் கலைஞ்சிடும்" என்றார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டிலைப் பார்த்தபடி அக்கா நின்றாள். நின்றால் எல்லோருக்கும் தெரிவதுதான் அவளுக்கும் தெரிந்தது. இப்படி நின்று பார்ப்பதற்கு அவள் எதற்கு? கண்ணுள்ள யாரும் போதுமே.

கீழே போய் மேனேஜரிடம், "மேல் மாடியை நெட்டைகிட்ட குடுத்துடறேன் சார்" என்றாள். அவர் ஆச்சரியப்பட்டார். "நேத்து நடந்ததுக்கு அப்புறமுமா? பரவால்லயே, கத்துக்கிட்டீங்க" என்றார்.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த உயரமான பெண், அறை சுத்தம் செய்பவர்களில் பழைய ஆள். யார் வம்புக்கும் போகாதவள். அக்கா அவளுக்குக் கண்ணாடியைக் காட்டினாள், குழாயைக் காட்டினாள், அலமாரியின் உள் மூலையைக் காட்டினாள். நெட்டை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டாள்.

"வேற ஒண்ணும் இல்லையாக்கா? நீங்க ரொம்ப நேரம் உள்ள ஏதோ பாப்பீங்களே?"

அவள் கேலி செய்யவில்லை. அக்கா அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டாள். கட்டில் விரிப்பைக் கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

"இல்ல. இவ்ளோதான்."

மாடிச் சாவியை வாங்கியபோது நெட்டையின் முகம் மலர்ந்தது. "இவ்ளோ சுலபம்னு தெரியாம இத்தனை நாளா பயந்துக்கிட்டு இருந்தேனே" என்றாள்.