பதினான்கு மேசைகள்

“மாமி, நீங்க தினமும் இங்க வந்து சமைக்கிறீங்களே, உங்க வீட்டுல யாரு சமைப்பா?”

ஆயிஷா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. செங்காங் வீட்டுச் சமையலறை வாசலில், வாய் நிறையத் தோசையோடு நின்று கேட்டாள். அவளுடைய அம்மா ஷபானா முதுகில் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்த படுக்கையாய் இருந்த காலம் அது. அவளுடைய அத்தா ஜாஃபரின் அக்கா ஆஸ்மா, விடிவதற்கு முன்பே புக்கிட் மேராவிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி வந்துவிடுவாள்.

“உங்க மாமா கடையில தின்னுக்குவாரு. அவருக்கு அதுதான் பிடிக்கும்” என்று ஆஸ்மா சிரித்தாள்.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜாஃபர் குனிந்தபடியே காலணிக் கயிற்றைக் கட்டினான். மச்சானுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பது அவனுக்குத் தெரியும்.

எட்டு மாதம் அப்படியே போயிற்று. ஷபானா எழுந்து நடந்த அன்று, “லாத்தா, ரொம்ப…” என்று அவன் அக்காவிடம் வாயெடுத்தான். “கூடப் பிறந்தவளுக்கு நன்றி சொல்ல வந்துட்டான் பாரு. வாயைக் கழுவு” என்று ஆஸ்மா அதட்டி அனுப்பிவிட்டாள். அன்று விழுங்கிய சொல் ஏழு வருடங்களாக அவன் தொண்டையிலேயே கிடந்தது. மச்சானிடமாவது சொல்லியிருக்கலாம். அவரும் இரண்டு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார்.

அதன்பின் ஆஸ்மா எங்கும் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து துண்டுத் துணிகளைத் தைப்பாள். கைப்பையில் வைக்கும் டிஷ்யூ பொட்டலத்துக்கு உறை. பாத்திக் துணி, பழைய சேலை, திரைச்சீலை, எது மிஞ்சினாலும் அவள் கையில் அழகான உறையாகிவிடும். ஆயிஷாதான் தேக்காவில் நடக்கும் கைவினைச் சந்தைக்கு மாமியின் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“இந்த ஒரு தடவைதான்” என்றாள் ஆஸ்மா. “யாரும் சீந்தலைன்னா மெஷினை மூடி வெச்சிடுவேன். அப்புறம் என்னை யாரும் வெளிய கூப்பிடக் கூடாது, சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை நால்வருமாகப் போனார்கள். திடலின் நடுவே சாப்பாட்டு மேசைகள் பதினான்கு. அவற்றுக்கு அப்பால், கடைசி மூலையில் ஆஸ்மாவின் கடை. மூலையில் இருந்தால் யார் வருவார்கள் என்று யோசித்தவள், டிஷ்யூ போட்ட உறைகளை மேசைக்கு ஒன்றாக வைத்துவிட்டு வந்தாள்.

“சாப்பிட உக்கார்றவங்க எடுத்துப் பாப்பாங்கல்ல? பிடிச்சா இங்க வருவாங்க.”

“மாமி, சூப்பர் மார்க்கெட்டிங் லா” என்றாள் ஆயிஷா.

ஆனால் நான்கு மணி வரைக்கும் ஒருவரும் வரவில்லை. பக்கத்துக் கடையில் வளையல் வாங்க வந்தவர்கள்கூட இவர்களைத் தாண்டிப் போனார்கள். ஆஸ்மா உறைகளை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். அஸர் பாங்கு நேரம் வந்ததும், “தொழுதுட்டு வந்து கடையைக் கட்டிடலாம். போதும்” என்றாள். ஷபானாவும் ஆயிஷாவும் அவளோடு பள்ளிவாசலுக்குப் போனார்கள். அவர்கள் வந்த பிறகு தான் போவதாகச் சொல்லி ஜாஃபர் கடையில் நின்றுகொண்டான்.

தனியாக நின்றபோதுதான் அவனுக்கு அது கண்ணில் பட்டது. அவ்வளவு கூட்டத்திலும் பதினான்கு மேசைகளும் காலி. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் மரத்தடியில் நின்றபடி மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிடுகிறார். ஓர் அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊட்டுகிறாள்.

மேசைமேல் டிஷ்யூ இருந்தால் அந்த இடம் பிடிக்கப்பட்ட இடம். இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆஸ்மாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தைத்தவளின் கண்ணுக்கு உறைதான் தெரிந்தது. வந்தவர்கள் கண்ணுக்கோ உள்ளே இருந்த டிஷ்யூ.

“யாரு லா இது?” மீ கோரெங் விற்கும் பெண் கரண்டியோடு வெளியே வந்தாள். “பதினாலு மேசையையும் பிடிச்சு வெச்சிட்டு ஆளைக் காணோம்! ஊரையே கல்யாணத்துக்கு அழைச்சிருக்காங்களா?”

ஜாஃபருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியோடும் கப்பியோடும் இருப்பவன். முன்பின் தெரியாதவர்களிடம் மணி கேட்கவும் கூச்சப்படுவான். லாத்தா திரும்பி வந்து இந்தப் பேச்சைக் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்தான். கால்கள் தாமாக நடந்தன.

“நம்ம கடை உறைதாங்க. இடம் பிடிக்க வெச்சதில்ல, பாக்கறதுக்கு வெச்சது. தப்பாப் போச்சு. மன்னிச்சிருங்க.”

“பாக்கறதுக்கா? வயசானவரு ஒருத்தர் அரை மணியா நின்னுட்டு இருக்காரு. அதைப் பாத்தியா நீ?”

“என் தப்புதாங்க. நான் கவனிச்சிருக்கணும்.”

அதுவும் உண்மைதான். அவன் பெரியவரைக் கைபிடித்து அழைத்து வந்து முன்மேசையில் உட்கார வைத்தான். பிள்ளைக்காரிக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். பிறகு ஒவ்வொருவரிடமும், “உக்காருங்க, யாரும் வரமாட்டாங்க. இது எங்க லாத்தா தைச்சது, தொட்டுப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே போனான். ஒருவர் முறைத்தார். இருவர் சிரித்தார்கள். ஒரு பெண் உறையைத் திருப்பிப் பார்த்து, “அட, உள் தையல்கூடத் தெரியலையே!” என்றாள்.

அதற்குள் பெரியவர் சாப்பிட்டு முடித்து, உறையாலேயே வாயைத் துடைத்துவிட்டார்.

ஜாஃபர் அதைக் கையில் வாங்கியதும் நின்றுவிட்டான். நீலக் கட்டம் போட்ட துணி. மச்சானின் கைலி. விற்பதற்காக இருக்காது, தான் தைத்ததில் ஆகச் சிறந்தது என்று முன்மேசையில் வைத்திருப்பாள். அதன்மேல் இப்போது சிவப்பாக மிளகாய் எண்ணெய். மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

தொழுதுவிட்டு வந்த ஆஸ்மா திகைத்துப்போனாள். மேசைகள் நிறைந்திருந்தன. கடை முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

“மேசையில பாத்தோம்க்கா. இதே மாதிரி பச்சைல இருக்கா?”

“இருக்கு, இருக்கு, இரும்மா!” ஆஸ்மாவின் குரல் உயர்ந்தது. அந்தக் குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. “பாத்தியா தம்பி? நான் அப்பவே சொன்னேன்ல, எடுத்துப் பாத்தா வருவாங்கன்னு!”

“ஆமா லாத்தா. எடுத்துப் பாத்தாங்க. நல்லா இருக்குன்னாங்க.”

“உனக்கு வியாபாரம் தெரியாதுடா. லிஃப்டைத்தான் தெரியும்.” சிரித்துக்கொண்டே சொன்னவள், சட்டென்று திரும்பினாள். “முன்மேசையில நீலம் ஒண்ணு வெச்சேனே?”

“என்கிட்டதான் பத்திரமா இருக்கு. தொழுதுட்டு வந்து தர்றேன்.”

“நல்லதாப் போச்சு. அது போச்சோன்னு பயந்துட்டேன்” என்றவள், பச்சை உறையைத் தேடக் குனிந்துவிட்டாள்.

பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகை முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் இடத்தில் ஒருவரும் இல்லை. ஜாஃபர் ஓரமாக உட்கார்ந்து, உறையிலிருந்த டிஷ்யூவை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்துக் கைகழுவும் தொட்டியிலிருந்து கொஞ்சம் சோப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குழாயைத் திறந்தான். தையல் இழை விட்டுவிடாதபடி நகம் படாமல், விரல் நுனியால் மட்டும் தேய்த்தான். ஒருமுறையில் போகவில்லை. மூன்றாம் முறையில் நுரை வெளுத்தது. அந்த நீலக் கட்டங்களைப் பார்த்து, ஏழு வருடமாய் உள்ளே கிடந்ததை உதடு அசையாமல் சொன்னான்.

பிறகு அதைப் பிழிந்து, தன் கைக்குட்டைக்குள் வைத்து அழுத்தி, உலர்ந்த படியின்மேல் விரித்துவிட்டு, ஒளு செய்யத் தொடங்கினான்.