இரண்டாவது நகர்த்தல்

சதுரங்கப் போட்டியின் கடைசிச் சுற்றுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது, கழிவறைக்குப் போகும் வராந்தாவில் அண்ணன் என் கையில் ஒரு தாளைத் திணித்தான். பதினெட்டு நகர்த்தல்கள், வெள்ளைக்கும் கறுப்புக்கும் சேர்த்து அவன் கையெழுத்திலேயே. கடைசியில் இருவரும் குதிரைகளை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தால் ஒரே நிலை மூன்று முறை வந்து டிரா ஆகிவிடும். எதிரில் உட்காரப்போகிறவளும் என்னைப்போல அவனிடம் ஆட்டம் படிக்கிறவள்தான். பதினேழு வயது, பட்டப்பெயர் குருவி. என்னைவிட அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். டிரா ஆனால், பெண்கள் அணியில் காலியாக இருந்த ஒரே இடம் அவளுக்கு.

"நீ ரெண்டாவது வந்தா போதும்மா. அவ சின்னப் பொண்ணு, எனக்கும் பேர் கிடைக்கும். உனக்கு வேலை இருக்கு, குடும்பம் இருக்கு, என்ன குறைச்சல்?"

"குருவி என்ன சொல்றா?"

"அவ என்ன சொல்றது? நான் சொன்னா கேப்பா."

நானும் கேட்டவள்தான். பாதுகாப்பாக ஆடு என்றான், ஆடினேன். கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு என்றான், ஆறு வருடம் காயைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் நான். வருகிறவர்களிடமெல்லாம் மூச்சை இழுத்துப் பிடிங்க என்று சொல்லிச் சொல்லி அது எனக்கே பழகிப்போயிருந்தது. தாளை இன்னொரு தடவை படித்துவிட்டு, பலகைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

எனக்கு வெள்ளை. ராஜாவின் முன்னிருந்த சிப்பாயைத் தாளில் உள்ளபடி இரண்டு கட்டம் தள்ளினேன். குருவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தன்னுடையதைத் தள்ளினாள். தாளின்படி அடுத்தது என் குதிரை. தொட்டுவிட்டால் அதைத்தான் ஆட வேண்டும். பாதி வழியில் கையைத் திருப்பி, ராஜாவுக்குப் பக்கத்து மந்திரியின் முன்னிருந்த சிப்பாயை அவள் வெட்டுவதற்கு வாகாகக் கொண்டுபோய் வைத்தேன். சிப்பாயையும் கொடுத்து, ராஜாவின் வாசலையும் திறந்துபோட்டு அடிக்கப்போகும் ஆட்டம் அது. வகுப்பில் அண்ணன் இதைப் பைத்தியக்கார ஆட்டம் என்பான். தோற்றால் ஐந்தாவதோ ஆறாவதோ. ஜெயித்தால் அணியில் நான். கடிகாரத்தைத் தட்டினேன்.

பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் அண்ணன் எழுந்து நின்று இருமினான். நடுவர் திரும்பி முறைத்ததும் உட்கார்ந்துவிட்டான். குருவி அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நிஜமாவாக்கா?" உதடு மட்டும் அசைந்தது.

தலையாட்டினேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்காக விட்டுக்கொடுக்கிற எண்ணமும் இல்லை.

அவள் உடனே ஆடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிப் பலகையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஆறு நிமிடம் போனது. பிறகு என் சிப்பாயை வெட்டி எடுத்து, கடிகாரத்தை அடித்தாள். அடித்த அடியில் கடிகாரம் மேசையிலேயே ஒரு விரல் தள்ளிப்போய் நின்றது.